தலை சொன்ன சாட்சி

கோயம்புத்தூரில் 'கருந்தேள்' என்றொரு மெட்டல் இசைக்குழு இருந்தது. அதன் பாடகர் தேவசகாயம் முடியை விரித்துப் போட்டுக் கர்ஜித்தால் அரங்கமே அதிரும். அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது.

ஒருநாள் ஒத்திகையில், புதிதாகச் சேர்ந்த பேஸ் கிதார்க்காரி மங்கையர்க்கரசி மனதில் பட்டதைச் சொல்லிவிட்டாள். "நம்ம புதுப் பாட்டெல்லாம் அமெரிக்காக்காரங்க கிராமத்துல பாடுற கன்ட்ரி பாட்டு மாதிரி இருக்குதுங்ணா."

தேவசகாயத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மெட்டல் பாடறவனைப் பார்த்து மாடு மேய்க்கிறவன்ங்கிறியா? நிரூபி பார்க்கலாம். ஆனா ஒரு சுரம்கூட என் காதுல விழக்கூடாது. முடியலைன்னா கிதாரை உறையில போட்டுட்டுக் கிளம்பு!"

பாட்டைக் கேட்காமல் பாட்டை நிரூபிப்பதா? டிரம்ஸ்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அவளுக்கோ இதை விட்டால் வேறு குழு இல்லை.

"சரிங்ணா" என்று போனை எடுத்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பழைய கச்சேரி வீடியோவை ஓட்டினாள். மெட்டலுக்கு ஆட வேண்டியபடியே, தேவசகாயத்தின் தலை உலக்கை போல மேலும் கீழும் இடித்தது. அடுத்து, புதுப் பாட்டுகள் பாடிய போன மாதக் கச்சேரி. அதே தலை, குதிரையில் ஊர்வலம் போகும் மாப்பிள்ளையைப் போல இடமும் வலமுமாக ஒய்யாரமாக ஆடியது. கட்டைவிரல்கள் இரண்டும், அமெரிக்கப் படத்தில் மாடு மேய்க்கும் கௌபாயைப் போல, பெல்ட்டில் செருகியிருந்தன.

"நான் ஒண்ணும் சொல்லலீங்ணா. உங்க தலைதான் சொல்லுது."

டிரம்ஸ்காரர் சிரித்த சிரிப்பில் குச்சி கீழே விழுந்தது. தேவசகாயம் வீடியோவை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். முகம் மெல்ல இளகியது.

"நல்லாத்தானே ஆடறேன்?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்ணா. அதனாலதான் சொன்னேன்."

அவர் முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்த கௌபாய் போடற அகலமான தொப்பி ஒப்பணக்கார வீதியில கிடைக்குமா கண்ணு?"