சீனி தின்ற புல்

"முயலுக்குத் தீனி போடறதுக்கா நான் இங்க வந்தேன்?" என்று மருதப்பன் கேட்டார்.

தையல்நாயகி அம்மை ஒரு மாத யாத்திரை முடித்து அப்போதுதான் மடத்துக்குத் திரும்பியிருந்தாள். கால்கூடக் கழுவவில்லை.

மருதப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. காரைக்குடிப் பக்கம் நாற்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்தவர். மனைவி போன பிறகு வீட்டில் அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. ஞானம் தேடி சிறுமலையில் இந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

குருவான அம்மைக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. கொடுத்த வேலையில்தான் குறை.

ஊர் மாறிப் போன ஒரு குடும்பம் மூன்று முயல்களை மடத்தில் விட்டுப் போயிருந்தது. யாத்திரைக்குக் கிளம்பும்போது அம்மை அவற்றை மருதப்பனிடம் ஒப்படைத்தாள். "புல் அறுத்துப் போடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போதும் அம்மை "என்ன சாப்பிட்டுச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

மருதப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. காலையில் துருவின கேரட், பத்து மணிக்கு மலைவாழைப்பழம், மத்தியானம் நெய்யில் லேசாக வாட்டின ரொட்டி, சாயங்காலம் ஊறவைத்த கடலைப்பருப்பு, வெள்ளிக்கிழமையானால் ஒரு துண்டு வெல்லம் என்று பந்தியில் பரிமாறுகிற வரிசையில் சொன்னார். முயல்களுக்குச் சீனி, முந்திரி, ஏலக்காய் என்று பெயர் வைத்திருப்பதையும் சொன்னார்.

"நீங்க கொடுத்ததைச் சொல்றீங்க. நான் கேட்டது அது சாப்பிட்டதை."

"ரெண்டும் ஒண்ணுதானே அம்மா?"

"புல்லு?"

"விருந்தாளிக்கு யாராவது புல்லைப் போடுவாங்களா?"

அம்மை கூண்டருகே போய் உட்கார்ந்தாள். முந்திரியும் ஏலக்காயும் ஓடி வந்தன. சீனி வரவில்லை. மூலையில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு குந்தியிருந்தது. அதன் முன்னால் துருவின கேரட் வாடிக் கிடந்தது.

"எப்ப இருந்து இப்படி?"

மருதப்பனின் குரல் இறங்கியது. நேற்று சாயங்காலத்திலிருந்து என்றார். வயிறு மந்தமாக இருக்கும், ஒரு வேளை பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாராம்.

"முயலுக்குப் பட்டினி ஆகாது. கூடையை எடுங்க."

ஏறி வந்த காலோடு அம்மை மறுபடி மலை இறங்கினாள்.

பேருந்து ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்தது. மருதப்பன் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். உள்ளே துணிக்கடியில் சின்ன நெஞ்சு படபடவென்று அடிப்பது அவர் விரலுக்குத் தெரிந்தது. அண்டா அண்டாவாகச் சாதம் வடித்த கை அது. வழியெல்லாம் அந்தத் துணியைவிட்டு எடுபடவில்லை.

நகரத்து மருத்துவமனையில் கால்நடை மருத்துவர் சீனியின் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பற்கள் முள்ளாக வளர்ந்து நாக்கைக் குத்தியிருந்தன. முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும் என்றார் அவர். புல்லை மென்று மென்றுதான் தேயும். குடல் இயங்குவதும் புல்லின் நாரால்தான். புல்தான் சாப்பாடு, அது எந்நேரமும் கிடக்க வேண்டும், நாளுக்கு ஒரு பிடி கீரை, கேரட்டும் பழமும் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு, நல்ல தண்ணீர். ரொட்டி, பருப்பு, வெல்லம் கூடவே கூடாது.

பல்லைச் செதுக்கி, மருந்து கொடுத்து அனுப்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "நாளைக்கு வந்திருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

திரும்பும் வழியில் அம்மை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மருதப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை.

மூன்று நாள் அவர் கூண்டைவிட்டு நகரவில்லை. மருத்துவர் கொடுத்த புல்மாவைக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் துளித்துளியாக ஊட்டினார். சரிவில் இறங்கி இளம்புல்லாகப் பார்த்து அறுத்து வந்து பக்கத்தில் போட்டு வைத்தார்.

நான்காம் நாள் காலையில் பூசை நேரத்தில் மருதப்பன் ஓடி வந்தார். கையில் வாழையிலைத் துண்டு. அதைப் பிரசாதம்போல ஏந்தியிருந்தார்.

இலையில் உருண்டை உருண்டையாக ஏழெட்டு முயல் புழுக்கை.

"சீனியோடது அம்மா" என்றார்.

அம்மை எட்டிப் பார்த்தாள். "நல்லா உருண்டிருக்கு" என்றாள்.

அதன் பிறகு மூன்று முயல்களும் புல்லுக்குப் பழகின. கீரை அளவாக வந்தது. கேரட் கட்டைவிரல் நுனியளவு ஆனது. சீனி கூண்டுக்குள் துள்ளிக் குதித்தது.

ஆனால் மருதப்பன் வாடிக்கொண்டே போனார். ஒருநாள் புல்லுக்கட்டோடு கூண்டின் முன்னால் சும்மா நின்றவரிடம் அம்மை வந்தாள்.

"அதுக்குத்தான் சரியாயிடுச்சே. உங்களுக்கு என்ன?"

மருதப்பன் புல்லுக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாற்பது வருஷம் பந்தி போட்டிருக்கேன் அம்மா. பந்திக்கு ஒருத்தராவது இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, யாருய்யா சமையல்னு கேட்பாங்க. ரொட்டி வாட்டிப் போட்டப்ப இதுங்ககூட என் விரலை நக்குச்சு. புல்லுல என் கைப்பக்குவம் எங்க இருக்கு? யார் அறுத்துப் போட்டாலும் புல்லு புல்லுதான்."

அம்மை அவர் கையிலிருந்து ஒரு பிடி புல்லை வாங்கிக் கூண்டுக்குள் போட்டாள்.

சீனி தின்றது.

"இப்ப நீங்க போடுங்க."

போட்டார்.

சீனி தின்றது. யார் போட்டதென்று தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கறுக் கறுக்கென்று ஒரே சீராக மென்றது.

மருதப்பன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்குள் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"என்ன?" என்றாள் அம்மை.

"சாப்பிடுது அம்மா" என்றார்.