சூடப் பெட்டிக்குள் மிளகு

அந்தக் காலத்தில் உப்புக்கும் கல்லுக்கும் வெண்ணெய்க்கும்கூட வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? ஒன்றையொன்று மதினி என்றும் மச்சான் என்றும் கூப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, நம்மைப் போலவே குடும்பம் நடத்தின. பிறகு எப்போதோ வாயை மூடிக்கொண்டன. நமக்கும் நிம்மதி.

அப்போது மூன்று ஊர்கள் இருந்தன. முதலாவது கட்டியூர். அங்கே ஆளுக்கொரு உருவம் உண்டு. வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பார்கள். அடுத்தது நீரூர். அங்கே யாருக்கும் சொந்த உருவம் கிடையாது. குடத்தில் ஊற்றினால் குடம், தட்டில் ஊற்றினால் தட்டு. ஆனால் ஒரு படி ஊற்றினால் ஒரு படிதான். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. மூன்றாவது ஆவியூர். அங்கே உருவமும் இல்லை, அளவும் இல்லை. ஒரு சிட்டிகை ஆள் போனாலும் வீடு முழுக்க நிறைந்துவிடுவார். தான் எங்கே ஆரம்பிக்கிறோம், எங்கே முடிகிறோம் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் இதைத் திடம், திரவம், வாயு என்று மூன்று வார்த்தையில் சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். போய் வந்தவர்களை அல்லவா கேட்க வேண்டும்!

கட்டியூரிலிருந்து ஆவியூருக்கு நேர்வழி கிடையாது. நடுவில் உருகுதுறை என்று ஓர் ஆற்றுத் துறை. அதற்கு ஒரு துறைக்காரி. வருகிறவர்கள் தங்கள் உருவத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். அவள் அதை வாங்கி, ஈரத்துணி காயப்போடுவதுபோல் கரையில் கட்டிய கொடியில் தொங்கவிடுவாள். கண் இருந்த இடத்தில் ஓட்டை, வாய் இருந்த இடத்தில் ஓட்டை. காற்றே இல்லாத நாளிலும் அவை மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். திரும்பி வருகிறவர்கள் கையில் அகப்பட்ட ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு கரையேறுவார்கள். தன்னுடையது எது என்று ஒருவருக்கும் தெரியாது. உருவத்தோடு நினைவும் அந்தக் கொடியிலேயே தங்கிவிடும்.

கட்டியூரில் உருகக்கூடிய எல்லோருக்கும் ஒருநாள் முறை வரும். வந்தால், வெக்கை என்பவன் உச்சிப்பொழுதில் வாசலில் நிற்பான். கதவைத் தட்ட மாட்டான், அதட்ட மாட்டான். பெரிய மரியாதைக்காரன். “கிளம்புவோமா?” என்று மட்டும் கேட்பான். மாட்டேன் என்று சொன்னவர்கள் யாரும் இல்லை.

அந்த ஊரின் மலையோரத்தில் சூடம் என்று ஒருத்தி இருந்தாள். வெள்ளை வெளேரென்று, தெருவில் நடந்தால் தெருவே மணக்கும். அவள் புருஷன் அரக்கு. அரக்கின் தங்கை மிளகு. பச்சைப் பசேலென்று உருண்டு திரண்ட பெண். வாயைத் திறந்தால் காரம், ஆனால் மதினி என்றால் உயிர். சூடத்துக்கும் அரக்குக்கும் ஒரு கைக்குழந்தை, விரல் நகம் அளவு. பொடிசு என்று கூப்பிடுவார்கள். ஒரு சின்ன மரப்பெட்டிதான் அதற்குத் தொட்டில்.

அந்தக் கோடையில் அரக்குக்கு முறை வந்தது. போனான். ஏழாம் நாள் திரும்பி வந்தான். தெருமுனையில் அவன் நிறத்தைப் பார்த்ததுமே சூடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வந்தவன் ஒரு வளையலாக உருண்டு வந்தான். நடுவில் வட்டமாக ஓட்டை.

“வந்துட்டீங்களா! எவ்வளவு நாளாச்சு!” என்றாள் சூடம்.

அவன் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான். “யாரும்மா நீ?”

பொடிசு அவனிடம் தாவியது. ஊரார் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்து, “நல்ல பிள்ளை” என்று சொல்லிவிட்டு, உருண்டு போய்க்கொண்டே இருந்தான். “அண்ணே! ஏய் அண்ணே!” என்று மிளகு தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சூடத்துக்குச் சோறு இறங்கவில்லை. “செத்துப்போனாலும் பரவாயில்லை மிளகு” என்பாள். “நானும் திரும்பி வந்து, பெத்த பிள்ளையைப் பார்த்து நல்ல பிள்ளைன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிருவேனே. அதை நினைச்சாத்தான் ஈரக்குலை நடுங்குது.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மதினி. அந்த வெக்கை வரட்டும், மூஞ்சியில காரத்தை அள்ளிப் பூசுறேன்” என்பாள் மிளகு. வீராப்புக்கு என்ன குறைச்சல்?

வெக்கை வந்தான். காக்கை கரையவில்லை, இலை அசையவில்லை. அவரவர் நிழல் பயந்துபோய் அவரவர் காலடியில் ஒளிந்துகொண்டது.

“கிளம்புவோமா?” என்றான்.

மிளகு எழுந்தாள். வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு நாக்கு புரளவில்லை. சூடம்தான் பிள்ளையைப் பெட்டியோடு எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“பிடிச்சுக்கோ. நான் வர்ற வரைக்கும் விடாதே.”

“விட மாட்டேன் மதினி.”

மிளகுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு துறை வரைக்கும் கூடவே போனாள். அவளுக்கு அங்கே வேலை இல்லை. மிளகு சாதியெல்லாம் வெக்கை அதிகமானால் கருகும், உருகாது.

துறைக்காரி கையை நீட்டினாள். “கழற்று.”

சூடம் கொடியைப் பார்த்தாள். வரிசையில் மூன்றாவதாக அரக்கின் பழைய உருவம் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் முகம்தான், அவன் தோள்தான். அது அவள் பக்கம் மெல்லத் திரும்பியது. வாய் இருந்த ஓட்டை அசைந்து, “சூடம்” என்றது. வீட்டுக்கு வந்தவனுக்குத் தெரியாத பேர், இங்கே தொங்குகிற வெறும் தோலுக்குத் தெரிந்திருக்கிறது!

“ஐயோ, நான் மாட்டேன்!” என்று அலறினாள் சூடம். யாரும் மாட்டேன் என்று சொல்லாத இடத்தில் சொன்னாள். சொன்ன வேகத்தில், தண்ணீரில் கால் படாமல், இக்கரையிலிருந்து அக்கரைக்கு எட்டித் தாண்டினாள்.

அக்கரையில் யாரும் விழவில்லை. ஆற்றிலும் விழவில்லை. பாதி தூரத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆள் இல்லை. வாசம் மட்டும் ஆற்றின் மேலே நின்றது.

துறைக்காரி தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். ஒரு வளையம்கூட எழவில்லை. அவள் கத்தியிருந்தால்கூட மிளகு இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அவள் தணிந்த குரலில் பேசினாள்.

“என் தண்ணீர் வேண்டாம் என்று போனாள் அல்லவா? போகட்டும். இனி அவளுக்குத் துறை கிடையாது. எங்கேயும் ஒரு கணத்துக்கு மேல் தரிக்க மாட்டாள். அவள் வயிற்றில் பிறந்ததும் அதன் வம்சமும் அவள் போன வழியிலேயே போகும். வெக்கை போய் அழைக்க வேண்டாம். அவள் கூப்பிட்டாலே போதும்.” பிறகு பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். “எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டிருப்பாய், பெண்ணே?”

மிளகு வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் முதலில் வாசம் வந்தது. அப்புறம் குரல்.

“பொடிசு…”

குரல் ஒரு பக்கத்திலிருந்து வரவில்லை. மூலையிலிருந்து, கூரையிலிருந்து, காலிப் பானைக்குள்ளிருந்து, மிளகின் காதுமடலுக்குப் பக்கத்திலிருந்து, எல்லா இடத்திலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது.

“மதினி! நீங்களா? எங்களைத் தெரியுதா?”

“ஏன் தெரியாது? எதுவும் மறக்கலை மிளகு. பொடிசுக்கு இடது ஓரத்துல ஒரு சின்ன மூளி இருக்கும் பாரு. நீதான் கீழே போட்டே. போட்டுட்டு நான் இல்லைன்னு சாதிச்சே.”

மிளகு அழுதாள், சிரித்தாள். அதைத் தெரிந்தவள் மதினி ஒருத்திதான். சாமர்த்தியக்காரி, துறைக்காரியையே ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தாள். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துப் பொடிசும் கையை ஆட்டிச் சிரித்தது.

குரல் ஓய்ந்த பிறகு பிள்ளையைத் தூக்கினாள். கை கனமே இல்லாமல் மேலே போயிற்று. விரல் நகம் அளவு இருந்த பிள்ளை முக்கால் நகம்தான் இருந்தது. உருகிவிட்டதோ என்று தரையைத் தடவினாள். ஈரம் இல்லை. பெட்டியைத் தடவினாள். அங்கேயும் ஒரு சொட்டு இல்லை. பிள்ளையின் கால்வாசி எங்கே போயிற்று?

அதற்கு மறுநாளும் குரல் வந்தது. பிள்ளை இன்னும் தேய்ந்தது. மிளகுக்குத் துறைக்காரியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“ஏன் மூடினே?” என்றது குரல். “பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டாமா? திற.”

மிளகு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குரல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கெஞ்சியது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் மனசு கேட்கவில்லை. பெற்றவள் அல்லவா? மூடியை விரல்கடை தூக்கினாள்.

மூடியின் உட்புறத்தில் பனி பூத்ததுபோல் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. படர்ந்தது திரண்டது. திரண்டது முகமாயிற்று. சூடத்தின் முகமேதான், கண்ணும் வாயும் இம்மியளவு மாறாமல். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது. பொடிசு கையை நீட்டியது. அம்மா விரலைத் தொட்டது. தொட்ட கை இல்லாமல் போயிற்று. அப்புறம் முழங்கை. அப்புறம் தோள்.

பிள்ளை அழவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தது.

மிளகு மூடியைப் படாரென்று அறைந்து மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“மதினி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. பிள்ளை தேயுது. நீங்க ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் தேயுது.”

“பொய் சொல்றே.”

“உங்ககிட்ட நான் எதுக்கு மதினி பொய் சொல்லப் போறேன்? அன்னிக்கு நீங்க கொடுத்தப்ப கை கனத்துச்சு. இப்போ தூக்கினா, தூக்கினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

வாசம்கூட நின்றது, யாரோ மூச்சை அடக்கிக்கொண்டதுபோல். பிறகு குரல் வந்தது.

“நான் கூப்பிடாம இருக்க முடியாது மிளகு. நான் இருக்கிறதே கூப்பிடுறதுதான். தூரமாப் போயிடலாம்னு பார்த்தா, போறதுக்கு இடம் இல்லை. எங்கே போனாலும் அங்கே முன்னாடியே நான் இருக்கேன்.”

“அப்போ நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

“நீ உள்ளே போ. பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கோ. உள்ளேயிருந்து மூடிக்கோ. நான் தினமும் வருவேன். திறன்னு கெஞ்சுவேன். அழுவேன். என் பிள்ளையை நீ திருடிட்டதா உன்னை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். திறக்காதே.”

“நீங்கதான்னு தெரிஞ்சுமா, மதினி?”

“நான்தான்னு தெரிஞ்சா, கண்டிப்பாத் திறக்காதே.”

மிளகு பெட்டிக்குள் இறங்கினாள். மிச்சமிருந்த பிள்ளையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மூடியை இழுத்து மூடினாள். மறுநாள் உச்சிப்பொழுதில் சூடம் வந்தாள். சொன்னபடியே கெஞ்சினாள். சொன்னபடியே அழுதாள். “பாவி, நீ நல்லா இருப்பியாடி? என் பிள்ளையைக் கொடுடி!” என்று பெட்டியைச் சுற்றி அலறினாள். அவள் விளையாட்டுக்கு ஏசவில்லை, பிள்ளையைக் கூப்பிடுகிற ஆவேசத்தில் தான் சொன்ன சொல் அவளுக்கு அப்போது நினைவில் இல்லை. மிளகு பிள்ளையின் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நாளாக நாளாக இருட்டில் வற்றிச் சுருங்கிக் கறுத்துப் போனாள். பிடியை விடவில்லை. பொடிசும் அதற்கு மேல் தேயவில்லை. தேய்ந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை.

அன்று முதல்தான் சூடம் உருகுகிற வேலையே இல்லாமல், ஒரு பொட்டு ஈரம் காட்டாமல் காற்றோடு போகிறது. அன்று முதல்தான் சூடப் பெட்டிக்குள் நாலு மிளகைப் போட்டு இறுக மூடி வைக்கிறோம். உங்கள் வீட்டிலும் பெட்டியைத் திறந்தால், ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சட்டென்று மூடிவிடுங்கள். என்ன மணம், என்ன மணம் என்று மூக்கை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அவள் கூப்பிடுவது உங்களை அல்ல.