மெத்தையில் முடிந்த சடுகுடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியத்தில் சடுகுடு என்றால் ஜனங்களுக்கு உயிர். மாசி மாதம் எட்டுப் பாடசாலைகளின் அணிகளும் மூச்சுப் பிடித்துப் பாடுகிற சத்தத்தில், மூன்று காத தூரத்துக்கு ஒரு காக்கைகூட உட்காராது. ஆனால் பட்டம் யாருக்கு என்பதைக் களம் தீர்மானிக்காது. ஐந்து பண்டிதர்கள் அரண்மனையில் இலவம்பஞ்சு மெத்தைகளில் சாய்ந்தபடி, ஓலையில் பெயர் எழுதித் தீர்மானிப்பார்கள். அந்த மெத்தைகளுக்குப் பஞ்சு எடுத்தே ஒரு காடு மொட்டையாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பதினோரு வருஷமாக மேலக்கோட்டை அணிக்கே பட்டம். தலைமைப் பண்டிதர் அகோரமூர்த்தியின் சொந்த ஊர் அது. இந்த வருஷம் ஆற்றங்கரை ஊரான மண்ணாடியின் அணி, மோதிய அத்தனை பேரையும் மண்ணைக் கவ்வ வைத்தது. மேலக்கோட்டை மட்டும் அவர்களோடு மோதவே வரவில்லை. பட்டம் என்னவோ மறுபடியும் மேலக்கோட்டைக்குத்தான் என்றார்கள் பண்டிதர்கள்.

விகடகவி பூவராகனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“மகாராஜா, அணிகளை இரண்டிரண்டாக மோதவிடலாமே! தோற்றவர் வீட்டுக்குப் போகட்டும். கடைசியில் நிற்பவருக்குப் பட்டம்.”

“எம் பண்டிதர்களின் கண்ணில் பழுது என்கிறாயா?” ராஜாவின் மீசை துடித்தது.

அகோரமூர்த்தி இதற்குத்தான் காத்திருந்தார். “பிரபு, பழுதை இவரே நிரூபிக்கட்டும். ஆனால் ஒரு வீரனும் களத்தில் கால் வைக்கக் கூடாது. நாளை உச்சிப்பொழுதுக்குள் முடியாவிட்டால், இவர் குடுமியைச் சிரைத்து நாடு கடத்த உத்தரவிட வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும்!”

பூவராகன் குடுமியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முப்பது வருஷம் எண்ணெய் தேய்த்து வளர்த்தது. அவிழ்த்துவிட்டால் அரண்மனைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம். வீடு போய்ச் சேரும்வரை அதைப் பிடித்த பிடியை அவன் விடவில்லை.

மறுநாள் காலை சபையில் கைகூப்பி நின்றான். “மகாராஜா, தங்கள் கெம்பு மோதிரத்தைத் தந்தருள வேண்டும். இந்த ஐவரில் கூரிய கண் எவருக்கோ, அவருக்குப் பரிசு. போட்டியெல்லாம் வேண்டாம். வழக்கப்படி அவர்களே ஓலையில் எழுதட்டும்.”

மோதிரம் என்றதும் ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து ஓலை, ஐந்து பெயர்! அவரவர் பெயரை அவரவரே எழுதியிருந்தார்கள்.

ராஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். “தம் பெயரைத் தாமே எழுதலாகாது. மறுபடியும் ஆகட்டும்.”

இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரே கவலை. கெட்டிக்காரன் பெயரை எழுதினால் மோதிரம் அவனுக்குப் போய்விடுமே! ஒன்றுக்கும் உதவாதவர் பெயரை எழுதிவிட்டால் பயமில்லை. ஓலைகளைப் பிரித்தார்கள். நான்கில் ஒரே பெயர்: மாசிலாமணிப் பண்டிதர். ஐந்தாவது ஓலை வெறுமையாக இருந்தது. அது மாசிலாமணியுடையது. தொண்ணூறு வயதுக் கிழவர், அதற்குள் தூங்கிப்போயிருந்தார். அவர் குறட்டையில் சபை விளக்குகள் ஆடின.

தட்டி எழுப்பினார்கள்.

“என்ன, இலை போட்டாச்சா?”

“பண்டிதரே, சபையிலேயே கூரிய கண் தங்களுடையதாம்,” என்றான் பூவராகன். “மண்ணாடி அணியின் ஆட்டம் எப்படி?”

“நான் எங்கேயப்பா பார்த்தேன்? கண் மங்கியே பதினோரு வருஷம் ஆச்சு. ‘மேலக்கோட்டைன்னு எழுதும்’ என்பான் அகோரம். கையால் தடவி எழுதிக் கொடுப்பேன்.”

அகோரமூர்த்தி மெத்தைக்குள் புதைந்தார்.

“மகாராஜா, பண்டிதர்கள் தேர்ந்தெடுத்த கண் இது. ஒரு வீரனும் கால் வைக்கவில்லை,” என்றான் பூவராகன்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. “மோதவிடுங்கள் எட்டு அணிகளையும்!” என்றார். மேலக்கோட்டை முதல் நாளே மூச்சு வாங்க ஊர் திரும்பியது. ஏழாம் நாள், கடைசி ஆளின் கடைசி மூச்சில், மண்ணாடி பட்டம் வென்றது.

“உனக்கு என்ன வேண்டும், கேள்!”

“அந்த ஐந்து மெத்தைகளும் போதும், மகாராஜா. இனி அவர்களுக்கு எதற்கு?”

கேட்டதோடு ஆயிரம் பொன்னும் கிடைத்தது. அடுத்த மாசியில் பண்டிதர்கள் வெயிலில் நின்று ஆட்டம் பார்த்தார்கள். பூவராகன் ஐந்து மெத்தைகளையும் அடுக்கி, சிம்மாசனத்தைவிட ஒரு முழம் உயரத்தில் உட்கார்ந்திருந்தான். ராஜா அண்ணாந்து பார்த்து மறுபடியும் சிரித்தார். உச்சியில், கோட்டைக் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது அந்தக் குடுமி.