தன்ஷிகா கையில் வேப்பங்கொத்து

வாய்க்கால் கரையில் ஒரு மடம் இருந்தது. தேங்காய் நார் ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். மாலையில் வந்து கூட்டிப்போவார்கள். பூஜை, பாராயணம் என்று அந்த மடத்தில் பெரிதாக எதுவும் கிடையாது. பிள்ளைகளுக்குச் சோறூட்டுவதும் தூங்க வைப்பதும்தான் அங்கே தவம்.

மடத்தில் மூத்தவரைச் சாமி என்று அழைத்தார்கள். நாற்பது வயது இருக்கும். அவரிடம் சிஷ்யையாக வந்து சேர்ந்த வேதவல்லி அவரைவிட வயதில் பெரியவர், தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இங்க நான் சிஷ்யை, சாமி. பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று வந்த அன்றே சொன்னார்.

"சரிங்க டீச்சர்" என்றார் சாமி.

பிள்ளைகளின் பொறுப்பு முழுவதும் வேதவல்லியிடம் இருந்தது. ஒரு நாள் முற்பகலில் அவர் சாமியைத் தேடி வந்தார். சாமி கிணற்றடியில் பால் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"ஒருத்தரைக் காப்பாத்தறதுக்காக இன்னொருத்தரை வெளிய அனுப்பறது தர்மமா?"

"யாரை அனுப்புனீங்க?"

வேதவல்லி பொதுவாகத்தான் கேட்க நினைத்திருந்தார்.

"தன்ஷிகாவை. கோகிலாவோட பொண்ணு."

"என்ன அவளுக்கு?"

"கழுத்துல சிவப்பா கொப்புளம். தொட்டுப் பார்த்தேன், சுட்டுது. அம்மையா இருக்குமோன்னு சந்தேகம்."

மேல் சுடுகிற பிள்ளையை மடத்தில் மற்றப் பிள்ளைகளோடு வைத்துக்கொள்வதில்லை. அது சாமி போட்ட விதி. அகிலன் என்றொரு குழந்தை அங்கே இருந்தான். இருதயத்தில் அறுவை நடந்து தேறி வருகிறவன். சாதாரணச் சளி பிடித்தாலே அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

"கோகிலா என்ன சொன்னா?"

"கொசுக்கடின்னா. நல்லா பவுடரைப் பூசிக் கூட்டிட்டு வந்திருந்தா. நான் முந்தானையால துடைச்சுப் பார்த்தேன்."

"எங்க வெச்சு?"

"கேட்டுலதான். உள்ள விடறதுக்கு முன்னாடி பார்க்கணுமில்லையா?"

"மத்த அம்மாக்களும் நின்னாங்களா?"

"நின்னாங்க."

சாமி குண்டானைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்புறம்?"

"கூட்டிட்டுப் போயிடுன்னேன். பஸ்ல போறப்ப யாரும் மேல பட வேண்டாமேன்னு ஒரு வேப்பங்கொத்து ஒடிச்சுப் பிள்ளை கையில குடுத்தேன். அரிச்சா தடவிக்கவும் ஆகும். எங்க வீட்ல அப்படித்தான் செய்வோம்."

"சந்தேகத்துக்கா?"

வேதவல்லி முந்தானை நுனியைப் பார்த்தார். காலையில் துடைத்த பவுடர் அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

"வீடு போய்ச் சேந்துட்டாங்களா?"

"சேர்ந்திருப்பாங்க."

"கேட்டீங்களா?"

வேதவல்லி கைப்பேசியை எடுத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது.

சாமி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். வாசல் வேம்பில் எட்டி ஒரு கொத்து ஒடித்து வந்து வேதவல்லியிடம் நீட்டினார்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. இதைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே, சாமி."

"அவ கழுத்தைத் தொட்டீங்கல்ல. எனக்குச் சந்தேகம்."

வேதவல்லி கொத்தை வாங்கிக்கொண்டார். காதுமடல் சூடேறுவது அவருக்கே தெரிந்தது.

*

மினி பஸ் வந்து நின்றது. வேதவல்லி கைப்பிடியைப் பிடிக்கும் முன்பே கண்டக்டர் படியில் குறுக்கே கை வைத்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. அடுத்த வண்டில வாங்க."

"எனக்கு எதுவும் இல்லப்பா. இது சும்மா."

"சும்மா ஆராச்சும் வேப்பங்கொத்து புடிச்சுட்டு பஸ் ஏறுவாங்களா? காத்து வாங்கறதுக்குங்களா?"

உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தன் குழந்தையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காலைலயும் ஒரு புள்ள இப்படித்தான் குழந்தையோட நின்னுச்சுங்க. ஏத்தப் பாத்தா பாதி சனம் எறங்கறேன்னு நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"அவங்க எப்படிப் போனாங்க?"

"நடந்துதான் போயிருக்கோணும்."

விசில் அடித்தது. வண்டி போயிற்று.

வேதவல்லி வாய்க்கால் கரையோடு நடந்தார். மடை திறந்திருந்தார்கள். தண்ணீர் கரை தொட்டு, சத்தமில்லாமல், அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவன் தூரத்திலேயே மறுபக்கம் ஒதுங்கிக்கொண்டான். தலையில் புல்லுக்கட்டோடு வந்த கிழவி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மாரியாத்தா" என்று முனகி வழிவிட்டாள். வெறுப்பு இல்லை, பயபக்திதான். இருந்தும் அந்த வழி வேதவல்லிக்கு மிக அகலமாக இருந்தது.

ஒரு மதகின் மேல் நின்றார். கொத்தைத் தண்ணீரில் விட்டுவிடலாம். சாமி பார்க்கவா போகிறார். கையை நீட்டினார்.

தன்ஷிகாவுக்கு அது தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டார். கையை இழுத்துக்கொண்டு நடந்தார்.

கோகிலா குடியிருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே வாசற்கதவு. கதவு சாத்தியிருந்தது. எதிரே டீக்கடை. கடைக்காரர் வேதவல்லியைக் கண்டதும் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"டீச்சர்! ஏனுங்க, இந்த வெயில்ல நடந்து… நான் சேனாபதிங்க. உங்ககிட்ட அஞ்சாவது படிச்சேன். பிரம்புல நல்லா வாங்குவேனே."

வேதவல்லிக்கு அந்த முகம் ஞாபகம் வந்தது. சிரிக்கப் போனார். அதற்குள் சேனாபதியின் கண் அவர் கைக்குப் போயிற்று. வந்த கால் அங்கேயே நின்றது.

"தண்ணி குடிக்கறீங்களா, டீச்சர்?"

"குடு."

சேனாபதி டம்ளர் தரவில்லை. செம்பை உயரத் தூக்கிச் சாய்த்தார். வேதவல்லி ஒரு கையைக் குவித்து ஏந்திக் குடித்தார். முழங்கை வழியாக வழிந்து ரவிக்கை நனைந்தது.

"கோகிலா வந்தாளா?"

"வந்துச்சுங்க. வூட்டுக்காரம்மா உள்ள உடல. அவங்க மக மாசமா இருக்குதுங்க, தலைப்பிரசவம். அவங்களையும் ஒண்ணுஞ் சொல்ல முடியாதுங்க."

"நீ?"

சேனாபதி செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் புள்ளைக்கும் இப்படித்தானுங்க டீச்சர் தண்ணி ஊத்துனேன். கடை பெஞ்சுல உக்கார வெக்கல. யாவாரம் பாருங்க."

"எங்க போனா?"

"ஒண்ணும் பேசலீங்க. அழவும் இல்ல. புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுட்டு வாய்க்கா பக்கம் போச்சு. புருசனும் ஊர்ல இல்ல, கேரளாவுக்கு மரம் வெட்டப் போனவன். நானும் பாத்துட்டே…"

வேதவல்லி மிச்சத்தைக் கேட்கவில்லை.

*

அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கரை மண் கால்செருப்பில் ஏறியது. "கோகிலா!" என்று கூப்பிட்டார். பள்ளிக்கூட மைதானத்தையே அடக்கிய குரல், இப்போது பாதியில் உடைந்தது. தண்ணீரில் ஒரு துணி மிதந்து வந்தது. உட்கார்ந்து பார்த்தார். சிமென்ட் சாக்கு. எழுந்து மறுபடி ஓடினார்.

வளைவு தாண்டி ஒரு பழைய மோட்டார் அறை. கதவில்லை. உள்ளே இருட்டில் ஒரு வளையல் சத்தம்.

கோகிலா சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது. கால் இரண்டும் முழங்கால் வரை நனைந்திருந்தன. அது ஏன் என்று வேதவல்லி கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

"வந்துட்டீங்களா, டீச்சர்? அடுத்து எங்கீங்க அனுப்பப் போறீங்க?"

"போன் அடிச்சேன், கோகிலா."

"தெரியுமுங்க. நீங்கதான்னுதான் எடுக்கல."

வேதவல்லி வாசலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"பவுடர் பூசுனது தப்புத்தானுங்க" என்றாள் கோகிலா. "கொசுக்கடியா, வேற ஏதாச்சுமான்னு எனக்கும் தெரியாது. ராத்திரியே கொஞ்சம் மேல் கதகதன்னுதான் இருந்துச்சு. லீவு போட்டா மேஸ்திரி வேற ஆளைச் சேத்திக்குவாரு. தப்புத்தான். ஆனா டீச்சர், அத்தனை பேர் முன்னால புள்ள கழுத்தத் தொடைச்சுக் காட்டுனீங்களே. நான் என்ன திருடிக் கொண்டாந்தனா?"

வேதவல்லி தலை குனிந்திருந்தார்.

"அந்தக் கொத்தக் கீழ போடுடின்னா போட மாட்டேங்கறா. பஸ்காரன் ஏத்தாதப்பவே சொன்னேன். புடுங்கப் போனா கத்தறா. டீச்சர் எனக்கு மட்டும் குடுத்தாங்கன்னு அத்தனை பெருமை."

தூங்குகிற பிள்ளையின் விரல்கள் வாடிய கொத்தை இறுகப் பிடித்திருந்தன. சில இலைகள் கசங்கி உள்ளங்கையில் ஒட்டியிருந்தன.

பேச்சுச் சத்தத்தில் தன்ஷிகா கண் விழித்தாள். வேதவல்லியைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"டீச்சருக்கும் குடுத்தாங்களா?"

"ஆமா, கண்ணு."

"ஆரு?"

"சாமி."

"நீங்க அழுதீங்களா?"

"கொஞ்சம்."

"நான் அழுவல" என்றாள் தன்ஷிகா.

கோகிலா வேதவல்லியின் கையிலிருந்த கொத்தை அப்போதுதான் கவனித்தாள்.

"உங்களுக்கும் காச்சலுங்களா?"

"இல்ல. சந்தேகம்."

கோகிலாவின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று சொல்ல முடியாது. அதன் பிறகுதான் அவள் அழுதாள். வேதவல்லி எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். சூடு சேலை வழியாக இறங்கியது.

"எங்கீங்க போறது?"

"தெரியல. மடத்துக்கு வா."

"அங்க அகிலன் இருக்கானே, டீச்சர்."

வேதவல்லி பிள்ளையைத் தோளில் இன்னும் ஏற்றிப் போட்டுக்கொண்டார். மடத்தைப் பார்த்து நடந்தார்.

*

சாமி கேட்டில் நின்றிருந்தார். அவர்களைக் கண்டதும் கேட்டைத் திறக்கவில்லை. வேலி ஓரமாகச் சுற்றி வரச்சொல்லிக் கை காட்டினார். மடத்தின் பின்பக்கம், தோட்டத்துக்கு அப்பால் அவர் தங்குகிற அறை. பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அவருடைய பாயும் துணிப்பையும் வெளியே மாமரத்தடியில் இருந்தன.

கோகிலா படியேறவில்லை. "இது சாமி ரூமுங்களே."

"இன்னிக்கு உங்களுது. பிள்ளைங்க அந்தப் பக்கம், நடுவுல தோட்டம். யாரும் இங்க வர மாட்டாங்க. டீச்சர் மட்டும் வருவாங்க. அவங்க இனி அகிலன் பக்கம் போகக் கூடாது."

"மேஸ்திரி…"

"நான் போய்ப் பேசறேன். ஒத்துக்குவாரான்னு தெரியாது. பேசறேன்."

வேதவல்லி பிள்ளையைப் பாயில் கிடத்தினார். சாமி கதவுக்கு வெளியே நின்றபடியே கஞ்சியை உள்ளே நகர்த்தினார். மருத்துவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நாளைக் காலையில்தான் வர முடியும் என்று பதில் வந்திருந்தது.

வெயில் தணிந்தது. முன்பக்கம் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகும் சத்தம் கேட்டது. அகிலனை அவன் அம்மா தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே கோகிலாவும் பிள்ளையும் தூங்கிவிட்டார்கள். வேதவல்லி படியில் உட்கார்ந்திருந்தார். சாமி கொஞ்சம் தள்ளி மரத்தடியில் இருந்தார்.

"சாமி."

"சொல்லுங்க."

"நாளைக்கு இன்னொரு பிள்ளை மேல் சுட்டு வந்தா?"

"அனுப்புங்க."

வேதவல்லி நிமிர்ந்து பார்த்தார். "அனுப்பவா?"

"அனுப்பித்தான் ஆகணும். மத்தப் பிள்ளைங்க இருக்கே."

"அப்படின்னா இன்னிக்கு நான் அனுப்புனது?"

உள்ளே பிள்ளை ஏதோ முனகியது. வேதவல்லி எழுந்து போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"காலையில டாக்டர் வந்துடுவார்" என்றார். "அம்மையா, கொசுக்கடியான்னு பார்த்துச் சொல்லிடுவார். நான் செஞ்சது சரியா தப்பான்னு அப்பத் தெரிஞ்சுடும்."

"டாக்டர் பிள்ளையைப் பத்தித்தானே சொல்லுவார், டீச்சர்" என்றார் சாமி.