வெள்ளைக் கூடா, பழுப்புக் கூடா?

குளத்தங்கரைக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. அதில் கீச்சான் என்கிற ஆண் குருவி, பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுத் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தது. பெண் குருவி வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொன்னால்தான் மீதிக் கூட்டைப் பின்ன வேண்டும். அதுதான் அந்த இனத்து வழக்கம்.

மூன்று பெண் குருவிகள் எட்டிப் பார்த்துவிட்டு அலகைச் சுளித்துக்கொண்டு போய்விட்டன. நாலாவதாக வந்த தினை என்கிற பெண் குருவி மட்டும் உள்ளே உட்கார்ந்து பார்த்தது.

"எனக்குப் பிடிச்சிருக்குங்க!" என்றது.

கீச்சானுக்குத் தலைகால் புரியவில்லை! மளமளவென்று மீதியைப் பின்னியது. உள்சுவரில் ஐந்து ஈர மண் உருண்டைகளையும் ஒட்டியது.

தினை மூன்று முட்டை இட்டது. போன வருஷம் வேறொரு மரத்தில் இட்ட முட்டைகளைப் பாம்பு குடித்துவிட்டது. அதனால் இந்த மூன்றும் அதற்கு உயிர்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது ஒரு மைனா. ஊருக்குள் போய் ஜன்னல் ஜன்னலாக உட்கார்ந்து வீடுகளை வேடிக்கை பார்ப்பதுதான் அதற்கு வேலை.

"ஐயே! இன்னுமா இப்படிக் கூடு வெச்சிருக்கீங்க? டவுன்ல இப்போ ரெண்டே பாணிதான்! ஒண்ணு, எல்லாமே வெள்ளை. இன்னொண்ணு, எல்லாமே பழுப்பு, மரமும் நாரும் அப்படியே தெரியணும். எதுவானாலும் வீட்டுல பொருள் கம்மியா இருக்கணும். அப்பத்தான் மனசுக்கு நிம்மதி!"

சொன்ன மைனாவின் பொந்தில் பாம்புச் சட்டை, பிளாஸ்டிக் கவர், அறுந்த நூல் என்று கால் வைக்க இடம் கிடையாது. அதை யார் போய்ப் பார்த்தார்கள்?

"வெள்ளைதான்! எவ்வளவு வெளிச்சமா இருக்கும்!" என்றது கீச்சான்.

"பழுப்புதாங்க! நாளைக்கு மூணு குஞ்சும் எச்சம் போட்டா வெள்ளையை யார் கழுவறது? நீங்களா?" என்றது தினை.

நாலு நாள் இதே சண்டை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின.

"இந்த மண் உருண்டை எதுக்குங்க? அசிங்கமா இருக்கே!"

"யாருக்குத் தெரியும்? எங்கப்பா ஒட்டினார், நானும் ஒட்டினேன். எடுத்துடலாம்!"

ஐந்தையும் கொத்திப் பெயர்த்துக் குளத்தில் தள்ளின. கூடு பளிச்சென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை கீச்சான் இலவம் பஞ்சு கொண்டுவரப் போனது. தன் பஞ்சை முதலில் விரித்துவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்று அதற்கு நினைப்பு. அதே நினைப்பில் தினையும் தென்னை நார் தேடிப் பறந்தது. முட்டைகளோடு யாருமே இல்லை, பாவம்.

ஆடிக் காற்று திடீரென்று வீசியது. பக்கத்துக் கூடுகள் எல்லாம் ஊசலாடின, ஆனால் புரளவில்லை. கீச்சானின் கூடு மட்டும் சருகு மாதிரிச் சுழன்று குப்புறக் கவிழ்ந்தது. மூன்று முட்டைகளும் வாசல் வழியே உருண்டு குளத்தில் விழுந்தன.

பஞ்சோடும் நாரோடும் இரண்டும் திரும்பி வந்தபோது, பக்கத்துக் கூட்டுக் குருவி அலறியது.

"அடப்பாவிகளா! மண்ணை ஏன் எடுத்தீங்க? அந்தக் கனந்தானே கூட்டைப் புரளாம பிடிச்சு நிறுத்தும்!"

காற்று ஓய்ந்து நிமிர்ந்திருந்த கூட்டுக்குள் தினை போய் வழக்கம்போல் வயிற்றைத் தாழ்த்திப் படுத்தது. அடியில் ஒன்றுமில்லை. கீச்சான் அழுதுகொண்டே குளத்து மண்ணை அலகில் அள்ளி வந்து நின்றது.

"இனிமே யாருக்குங்க?" என்றது தினை. மண் தானாக நழுவிக் கீழே விழுந்தது.

சாயங்காலம் மைனா எட்டிப் பார்த்தது.

"அடேங்கப்பா! ஒரு பொருள்கூட இல்லை! எவ்வளவு அழகு! கடைசியில எந்தப் பாணி எடுத்தீங்க?"

"குஞ்சுங்க இல்லாத பாணி" என்றது தினை.

வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கி எறியும் முன், அது அங்கே யாரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.