நாரை அழித்த வரி

மருதங்குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடியலில் முதலில் நீர் குடிக்க வரும் விலங்கு, கரைச் சேற்றில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகும். பின்னால் வருபவர்கள் அதைப் படித்த பிறகே நீரில் இறங்குவார்கள்.

வறண்ட காட்டிலிருந்து பிழைக்க வந்த அக்காள் மானுக்கும் தங்கை மானுக்கும் இந்தக் காட்டின் எழுத்து தெரியாது. நாரையிடம் கற்கச் சேர்ந்தார்கள்.

நாரை மாணவர்களை மூன்று வரிசையாகப் பிரித்திருந்தது. முதல் வரிசை, நாரை எழுதிய வரியின் மேலேயே எழுத வேண்டும். இரண்டாம் வரிசை, விட்டுப்போன சொல்லை நிரப்ப வேண்டும். மூன்றாம் வரிசை மட்டும் சொந்தமாக எழுதலாம். அதில் கொக்குகளே இருந்தன.

தங்கை சீக்கிரமே படிக்கக் கற்றுக்கொண்டாள். அக்காள் முதல் வரிசையிலேயே கிடந்தாள்.

“ஐயா, ஆபத்து என்றால் எப்படி எழுதுவது? அதை மட்டுமாவது சொல்லிக்கொடுங்கள்” என்று கேட்டாள்.

“முதலில் சுழி ஒழுங்காக வரட்டும்” என்றது நாரை.

“மூன்றாம் வரிசைக்கு நான் எப்போது போவேன்?”

“உன் எழுத்து என் எழுத்தைப் போல ஆகும்போது.”

“குளம்பால் எழுதினால் அலகால் எழுதியது போல வருமா, வாத்தியாரே?” என்றது கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு தவளை. நாரை திரும்பிப் பார்த்தது. தவளை நீருக்குள் போய்விட்டது.

மழை வெள்ளத்தோடு ஒரு முதலை குளத்துக்கு வந்து சேர்ந்தது. விடியலில் அதை முதலில் பார்த்தவள் அக்காள். தங்கை மேட்டு வழியாக அக்கரைக்கு வருவாளோ, பள்ளத்து வழியாக இக்கரைக்கு வருவாளோ தெரியாது. எழுதிப் பழகிய வரிகளிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்து, ‘முதலை இருக்கு, இறங்காதே’ என்று கோணல்மாணலாக எழுதினாள். பிறகு அக்கரையில் தங்கையைத் தடுக்க மேட்டு வழிக்கு ஓடினாள்.

நாரை வந்தது. “முதல் வரிசைக்குச் சொந்த எழுத்து கேட்கிறதா!” என்று காலால் அதை அழித்தது. அதே இடத்தில் அன்றைய பாடத்தை அழகாக எழுதியது: ‘நீர் தெளிவாக இருக்கிறது. இறங்கிக் குடிக்கலாம்.’

தங்கை பள்ளத்து வழியாக வந்தாள். படித்தாள். இறங்கினாள்.

அக்காள் திரும்பி வந்தபோது குளம் சிவந்து கலங்கியிருந்தது.

“நான் எழுதியதை யார் அழித்தது?”

“எழுத்தெல்லாம் சாய்ந்திருந்தது” என்றது நாரை.

“என்ன எழுதியிருந்தேன்?”

நாரை தன் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தது. அழித்த வரியை அது படிக்கவே இல்லை.

மறுநாள் நாரை முதல் வரிசைக்குப் புது வரி எழுதிவைத்தது: ‘முதலை இருக்கிறது. இறங்காதீர்கள்.’

“இதன் மேலேயே எழுதுங்கள். சுழி பிசகக் கூடாது” என்றது.

அக்காள் அந்த வரியைத் தொடவில்லை. பக்கத்தில் தங்கையின் பெயரைக் கோணலாக எழுதினாள். அழித்துப் பழகிய நாரையின் கால் தானாக உயர்ந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றது. இன்றும் அந்தக் கால் இறங்கவில்லை.

எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று படிக்காமல் எழுத்தை மட்டும் திருத்துகிறவன், எத்தனை வரிசை வைத்துச் சொல்லிக்கொடுத்தாலும் ஆசிரியன் ஆகமாட்டான்.