இருமல் பிறக்கிற இடம்

வேதமணிக்கு இருமல் நின்றுபோனது. அதுதான் கேடு.

நிறுத்தியவர் செல்லையன். ரிட்டயர்டு கம்பவுண்டர். வர்ம வைத்தியம் படிக்க வந்தவர். ஆசான் ஞானாபரணத்தைவிடப் பதினைந்து வயது மூப்பு.

இருமல் உடம்பில் எங்கே பிறக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆசானுக்கு மருந்து இடிக்கிற வேதமணியை மிளகாய்ப் புகையில் உட்காரவைத்து, கழுத்தில் தினம் ஓரிடமாக அமுக்கிப் பார்த்தார். ஒன்பதாம் நாள் ஓரிடத்தில் இருமல் அடங்கிவிட்டது.

அடக்கியதைத் திரும்ப இளக்க அவருக்குத் தெரியவில்லை.

“ஆசானே, புகைக்குள்ள முழிச்சிட்டு இருக்கான். கண்ணுல தண்ணி வடியுது. இருமல் வரல்ல.”

“சோறு?”

“தின்னுதான். பாதி நெஞ்சுக்குள்ள போவுது. அவனுக்குத் தெரியல்ல.”

ஆசான் எழுந்தார்.

வேதமணி வீட்டில், கட்டிலில் கிடந்தவன் வாயில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டார். விழுங்கினான். நெஞ்சுக்குள் குடம் நிறைகிற சத்தம். முகம் அசையவில்லை.

“உள்ள யாரோ நடக்காவ,” என்றான், சிரித்துக்கொண்டே. குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.



ஆசான் பிடரியில் தட்டினார். முதுகில் அமுக்கினார். மூன்று முறை. ஒன்றுமில்லை.

“நாளைக்குத் தாங்க மாட்டான்.”

“வேற முறை?”

“எனக்குத் தெரியாதுவே.”

ஆசான் வாயில் அந்தச் சொல்லைச் செல்லையன் கேட்டதே இல்லை.

“எங்கெல்லாம் தேடினீரு?”

“தொண்டை. கழுத்து. நெஞ்சு.”

“சத்தம் கேக்குத எடத்துலயா?”

“பின்ன எங்க?”



தலைமாட்டில் வேதமணியின் மனைவி. அழவில்லை. ஒரு கோழி இறகை எடுத்தாள். அவன் தலையைத் திருப்பி, காதுக்குள் விட்டாள்.

“என்னம்மா செய்யிதிய?” என்றார் செல்லையன்.

“போறவருக்குக் காது அழுக்கா இருக்கப்படாதுல்லா.”

இறகு சுழன்றது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ச் சுழன்றது.

வேதமணியின் கழுத்து வெட்டி இழுத்தது. இருமினான்.

கட்டில் குலுங்க இருமினான். தண்ணீர் வந்தது. சோற்றுப் பருக்கை வந்தது. அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள்.

செல்லையன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆசானே, இது எந்த முறை? சொல்லித் தாரும்.”

“எங்கிட்ட எதுக்கு கேக்கீரு? அந்தால இருக்காவல்லா, கேளும்.”

“பேரு கூட தெரியாதே எனக்கு.”

“ஒம்பது நாளா அவுக புருசன் கழுத்தப் பிடிச்சீருவே.”

செல்லையன் அவள் பக்கம் திரும்பினார்.

“நேசம்மாள்,” என்றார் ஆசான்.